வீட்டுப் பாத்திக் கத்தரிக்காய்

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் கைவேலையைப் போட்டுவிட்டு இப்போதும் எட்டிப் பார்க்கிறேன். அண்ணன்தான் வந்திருப்பான். வருவதை அவன் நிறுத்தவில்லை. கையில் சாத்தூர் காராச்சேவுப் பொட்டலம் இருக்கும். அந்தப் பொட்டலத்தைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எனக்கு வேண்டியது அவன் தோட்டத்துக் கத்தரிக்காய். அதை நானே கெடுத்துக்கொண்டேன், யாரையும் நொந்து பயனில்லை.

அண்ணனுக்கு விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை. காலையில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். மற்ற நேரத்தில் ஊரில் உள்ள கிணற்றுத் தோட்டத்தில் கத்தரி போடுவான். கத்தரியில் புழு ஓயாது. விடாமல் மருந்து அடித்தால்தான் காய் சந்தைக்குத் தேறும். ஆனால் நான் கல்யாணமாகித் திருத்தங்கலுக்கு வந்த வருஷத்திலிருந்து கிழக்கு ஓரத்தில் ஒரு பாத்தியை மட்டும் மருந்து அடிக்காமல் விட்டுவைத்தான். எங்கள் பக்கம் காய்கறி போடுகிறவர்கள் பலரும் செய்வதுதான், வீட்டுப் பாத்தி என்பார்கள். அதில் பாதிக்காய் சொத்தையாகிவிடும். பறித்ததை அப்படியே மஞ்சள் பையில் போட்டு எனக்குக் கொண்டுவருவான். மகள் பிறந்த பிறகு இதில் அவனுக்கு இன்னும் கெடுபிடி.

“தாய்மாமன்னு பெருசா ஒண்ணும் செய்ய முடியல தாயி. பிள்ளை வாயில விஷம் போகாமப் பாத்துக்கிடுறேன்ல, அது போதும்,” என்பான்.

அந்தப் பாத்திக்கும் மற்றச் செடிகளுக்கும் நடுவே நல்ல நிலத்தில் பதினைந்தடியைச் சும்மா போட்டிருந்தான். கம்பெனியில் ஒரு ரூமுக்கும் அடுத்த ரூமுக்கும் இடையே இடம் விட்டுத்தான் கட்டியிருப்பார்கள். ஒன்றில் தீப்பிடித்தாலும் அடுத்ததற்குத் தாவக் கூடாது. இத்தனை வருஷமாக அந்த இடைவெளியை நம்பித்தான் அவன் உயிரோடு வீடு திரும்புகிறான். தோட்டத்திலும் அதையே நம்பினான். “அம்புட்டு எடம் விட்டா நெருப்பே யோசிக்கும். தெளிக்கிற மருந்தா தாவப்போகுது?” என்று கேட்டபோது எனக்கும் அது சரியென்றே பட்டது. ஆடி மாதத்து மேல்காற்று காயப்போட்ட துணியையே கிழக்கே அடித்துக்கொண்டு போவதைப் பார்த்தவள்தானே நான், மருந்துச் சாரலும் அப்படித் தாவும் என்று எனக்காவது உறைத்திருக்க வேண்டாமா?

எனக்கு விருதுநகரில் ஒரு சோதனைக்கூடத்தில் வேலை. மிளகாய் வத்தல், மல்லி, பருப்பெல்லாம் கப்பலேறும் முன்பு அவற்றில் பூச்சிமருந்து எவ்வளவு தங்கியிருக்கிறது என்று பார்த்து ரிப்போர்ட் கொடுப்போம். ஒரு தடவை கத்தரிக்காய் சோதனைக்கு வந்தது. அதை அளக்க வேண்டுமென்றால், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு மருந்தே படாத கத்தரிக்காய் ஒன்று வேண்டும். அது கிடைப்பது குதிரைக்கொம்பு. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். “எங்கண்ணன் காய் இருக்கு. சுத்தம்னா அப்படி ஒரு சுத்தம்,” என்று பீற்றிக்கொண்டு மறுநாளே நாலு காயைக் கொண்டுபோனேன்.

அரைத்து, வடித்து, மெஷினில் விட்டோம். மருந்து இல்லையென்றால் திரையில் கோடு தரையோடு தரையாகப் போகும். அந்த இடத்தில் ஒரு சின்ன மேடு எழும்பியது. கூட வேலை பார்க்கிற பெண், “அக்கா, ஒங்க அண்ணன் காயும் சந்தைக் காய் மாதிரிதான் போல,” என்று சிரித்தாள். எனக்கு முகம் செத்துப்போயிற்று.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்தால் என்ன பேசுகிறேன் என்று தெரியாது. கம்பெனியில் போனை வாசல் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். சாயங்காலம் வேன் ஏறியிருப்பான் என்று பார்த்துக் கூப்பிட்டேன்.

“அண்ணே, நீ தர்ற காயில மருந்து இருக்கு. மெஷினே காட்டிருச்சு. இம்புட்டு நாளா எம்பிள்ளைக்கு இதைத்தான் குடுத்தியா?”

வேன் இரைச்சலுக்கு நடுவே, “அப்படியா தாயி,” என்றான். போனை வைத்துவிட்டான்.

நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் பாதிதான் சொன்னேன். மருந்து இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. எவ்வளவு இருக்கிறது, தின்கிறவர் எடை என்ன, எத்தனை நாள் எவ்வளவு தின்கிறார் என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் ஆபத்தா இல்லையா என்று சொல்ல முடியும். அடுத்தவர் வத்தலுக்கு இதைப் பொறுமையாகப் பார்க்கிறவள் அண்ணன் காய்க்குப் பார்க்காமல் போனேன். மறுநாள் காலண்டர் தாளைக் கிழித்து அதன் முதுகில் கணக்குப் போட்டேன். மகளுக்குத்தான் முதலில் போட்டேன், சின்ன உடம்பில்லையா. அவள் தட்டில் வைப்பதைப்போலப் பல மடங்கு தினமும் ஆயுசுக்கும் தின்றாலும் ஆபத்து எல்லையைத் தொடாது என்று வந்தது. அடுப்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். நிம்மதியில் கொஞ்சம், அண்ணனை நினைத்து மிச்சம்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் முதல் காராச்சேவுப் பொட்டலம் வந்தது. நான் அந்தத் தாளை அவன்முன் விரித்துவைத்து, வாய் ஓயாமல் விளக்கினேன். தலையாட்டிக் கேட்டான்.

“நீ படிச்சவ, ஒனக்குத் தெரியும். ஆனா இருக்குல்ல தாயி?”

இருக்கிறது. இல்லை என்று எப்படிச் சொல்வேன்?

அதற்கப்புறம் கடையில்தான் வாங்குகிறேன். பளபளவென்று, ஒரு ஓட்டை இல்லாமல் இருக்கிறது. எத்தனை தடவை மருந்து அடித்த காயோ, உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு அலசிக்கொள்கிறேன். குழம்பு கொதிக்கிறது, இறக்குகிறேன், தின்கிறோம். ஆனால் முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மஞ்சள் பையைத் தரையில் கவிழ்த்துக் கொட்டுவான். நானும் அவனும் எதிரெதிரே உட்கார்ந்து சொத்தையை ஒரு பக்கம், நல்லதை ஒரு பக்கம் ஒதுக்குவோம். ஊர்ச் சங்கதியெல்லாம் அப்போதுதான் வரும். இப்போது நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடிக்கிறான், விருந்தாளி மாதிரி கிளம்பிவிடுகிறான். அந்த அரைமணி நேரத்துக்காக ஏங்கிப்போய்க் கிடக்கிறேன்.

பொறுக்கமாட்டாமல் போன மாதம் தோட்டத்துக்கே போனேன். பாத்தியைப் பிடுங்கியிருப்பான் என்றுதான் நினைத்தேன். பிடுங்கவில்லை. அந்தப் பதினைந்தடிக்குக் குறுக்கே கம்பு நட்டு, மருந்துச் சாரலை மறிக்க மதினியின் பழைய சேலைகளைத் தலைக்குமேல் உயரமாகக் கட்டியிருந்தான். உள்ளே பறிக்க ஆளில்லாமல் காய்கள் மஞ்சளாகப் பழுத்துத் தொங்கின.

“அண்ணே, கொஞ்சம் பறிச்சுத் தா,” என்றேன்.

“டெஸ்ட்டுக்கா, கொழம்புக்கா?”

குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே கேட்டான். “டெஸ்ட்டுக்குன்னா எம்புட்டு வேணும்னாலும் பறிச்சுக்கோ. கொழம்புக்குன்னா தர மாட்டேன் தாயி. பிள்ளை திங்கிற பொருளு.”

“டெஸ்ட்டுக்குத்தான்ணே,” என்றேன்.

அவனே செடி செடியாகக் குனிந்து பிஞ்சாகப் பார்த்துப் பறித்தான். சொத்தை ஒன்றுகூட இல்லாமல் பை நிறைய நிரப்பிக் கொடுத்தான். “சேலை கட்டுனதுக்கு அப்புறம் காய்ச்ச காய் இது. பாத்துச் சொல்லு. ஒண்ணுமில்லன்னு வந்துச்சுன்னா பழையபடி கொண்டாறேன்,” என்று வண்டி வரைக்கும் வந்தான்.

அதில் ரெண்டு காயை லேபுக்கு எடுத்துப்போயிருக்கலாம். தினமும் நான் செய்கிற வேலைதான். ஆனால் கை வரவில்லை. சேலைக்கு மேலேறி வருகிற காற்றை எனக்குத் தெரியும். மறுபடியும் அந்த மேடு எழும்பினால் அவன் பாத்தியையே அழித்துவிடுவான். அத்தனை காயையும் அன்றைக்கே புளிக்குழம்பு வைத்துவிட்டேன்.

வாராவாரம் காராச்சேவை நீட்டிக்கொண்டே, “ரிசல்ட்டு வந்துச்சா தாயி?” என்று கேட்கிறான். மெஷின் ரிப்பேர் என்கிறேன், கெமிக்கல் வரவில்லை என்கிறேன். அவனும் சரி சரி என்கிறான். குழம்பு நல்லா இருந்துச்சுண்ணே, ஒன் மருமக ரெண்டாவது தடவை கேட்டு வாங்கித் தின்னா என்பதை மட்டும் அவனிடம் சொல்ல முடியவில்லை.