நாக்கில் வைத்த திருநீறு

கண்டி ஆஸ்பத்திரியில் என் மகள் படுத்திருந்த வார்டுக்குக் காலையில் முதலில் வருபவர் அந்த அட்டெண்டன்ட் அம்மாதான். குள்ளமான உருவம், காதோரம் நரை, பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பேச்சு. பிள்ளைகளை அதட்டித்தான் கொஞ்சுவார்.

நெஞ்சுச் சளிக்குக் கொடுத்த மருந்தால் மகளின் வாயெல்லாம் வெள்ளையாகப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. அதற்குச் சொட்டு மருந்து விட்டும், எரிச்சல் தாங்காமல் தண்ணீரைக்கூடத் துப்பினாள். ஐந்தாம் நாளும் வெள்ளை குறையாவிட்டால் ஊசி மருந்துதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அந்த ஐந்தாம் நாள் காலை, "துரைசாணி, வாயத் தொறங்க" என்று மகளைச் சீமாட்டியாக்கி டோர்ச் அடித்த அந்த அம்மா, ஈரத் துணியால் நாக்கை மெல்லத் துடைத்தார். துணியை முகர்ந்து பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"என்னம்மா இது, துன்னூறா?"

தினமும் விடிந்ததும் கோயில் திருநீற்றை அவள் நாக்கில் வைத்து வந்தவள் நான்தான். விரல்களை முந்தானையில் துடைத்தேன்.

"சாமிய நெத்தியில வைங்க. நாக்க டாக்டருக்கு விடுங்க. புண்ணு ஆறிக்கிட்டுத்தான் வருது."

டாக்டர் வந்ததும் அவரிடம் தனியாக ஏதோ சொன்னார். என்னைக் காட்டிக்கொடுத்தாரா, இன்றுவரை தெரியாது. டாக்டர் நாக்கைப் பார்த்து, ஊசி வேண்டாம் என்றார்.

மறுநாள் காலை வந்த அந்த அட்டெண்டன்ட் அம்மா, மகளின் வாயைப் பார்ப்பதற்கு முன் என் விரல்களைப் பார்த்தார்.