தங்கச்சி வீட்டுச் சுண்ணாம்பு

என் தங்கச்சியின் சீதன வீடு வட்டுக்கோட்டையில் நாலு அறையோடு நின்றது. அதில் அவள் படுத்தது மூன்று இரவு. என் உத்தியோக காலத்தில் என் கையெழுத்தால் நடந்த ஒரேயொரு பெரிய காரியம் அந்த வீட்டின் சுவர்ப்பூச்சு. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

எண்பத்து நான்கில் எனக்கு அரச வேலை கிடைத்தது. கரையோரத்தைப் பாதுகாப்பதற்கென்று இருந்த ஒரு சின்ன அலுவலகம். கடலில் கழிவெண்ணெய் ஊற்றக்கூடாது, கரையில் மணல் அள்ளக்கூடாது, முருகைக்கல் உடைக்கக்கூடாது என்று சனத்துக்குச் சொல்வதும், கேளாதவர்கள்மேல் வழக்கு வைப்பதும் எங்கள் வேலை. அம்மா கீரிமலைக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்து, "கடலைக் காக்கிறதுக்கும் சம்பளம் குடுக்கினமோ?" என்று கேட்டார். நாங்கள் தோட்டம் செய்கிற சனம். கடல் தன்பாட்டில் கிடக்கிறது, அதற்கு எதற்குக் காவல் என்றுதான் எங்கள் பக்கத்தில் எல்லோரும் நினைத்தார்கள். நானும் சம்பளத்தைத்தான் பார்த்தேன்.

எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் அரைமணி நேரம் போனால் ஒரு மீன்பிடிக் கிராமம் வரும். ஒரு சின்ன மாதா கோவில், முப்பது நாற்பது குடும்பம். அங்கிருந்து வந்த ஒரு வள்ளக்காரர்தான் என் மேசைக்கு வந்த முதல் முறைப்பாட்டுக்காரர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். கதிரையைக் காட்டியும் அதில் இருக்கவில்லை, நின்றபடியே சொன்னார்.

"சூளைக்காரன் எங்கடை பாரை உடைக்கிறான் ஐயா. பார் போனால் கடல் எங்கடை குசினிக்கை, அடுப்படிக்கை வந்திடும்."

கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், தண்ணீருக்கடியில், முருகைக்கல் நீளமாக வளர்ந்து கிடக்கும். அதைத்தான் அவர்கள் பார் என்பார்கள். வாடைக்காற்றுக் காலத்தில் எழும்பி வருகிற அலை அதில் அடிபட்டு, வீறு கெட்டுத்தான் கரைக்கு வரும். மீன் குஞ்சு பொரிப்பதும் அதற்குள்தான். அந்தக் கல்லையே சூளையில் போட்டு எரித்தால் முதல்தரமான சுண்ணாம்பு. பால் போல வெள்ளை.

நான் அப்போது புது விளக்குமாறு, நன்றாகத்தான் கூட்டினேன். கடற்கரைக்குப் போய் கல் உடைக்கிற அலவாங்கும் கையுமாக நின்ற இரண்டு பேரைப் பிடித்தேன். சூளைக்காரர்மேல் வழக்கு வைத்தேன். அவர் தண்டம் கட்டினார், சூளை அணைந்தது. அதற்குப் பிறகு வள்ளக்காரர் என்னை ஐயா என்பதை விட்டுத் தம்பி என்று கூப்பிடத் தொடங்கினார். ஒருநாள் ஓலைப்பையில் விளைமீன் கொண்டுவந்தார். நான் வேண்டாம் என்றேன்.

"லஞ்சம் எண்டு நினைக்கிறியளோ தம்பி? இது குழம்புக்கு" என்று சிரித்தார்.

வாங்கினேன். நல்ல மீன். நானும் அவரை அண்ணை என்று கூப்பிடத் தொடங்கினேன். ஆனால் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தால் வேலிப் படலையோடு நிற்பார். மீன்பிடிக்கிற சாதி என்று அம்மா உள்ளே கூப்பிடமாட்டார், நானும் கூப்பிடவில்லை. அந்த நாளில் அது எனக்கு ஒரு குறையாகத் தெரியவே இல்லை. இப்போது தெரிகிறது, தெரிந்து என்ன?

பிறகு சண்டை வந்தது, போனது, திரும்ப வந்தது. எங்கள் ஜீப்பைத் துவக்கோடு வந்த ஒருவர் எடுத்தார், பிறகு அவரிடமிருந்து இன்னொருவர் எடுத்தார். தொண்ணூறுக்குப் பிறகு அலுவலகம் என்பது ஒரு மேசை, ஒரு வரவுப் பதிவேடு, ஒரு றப்பர் முத்திரை. காலையில் போய்க் கையெழுத்து வைப்பேன், குண்டுவீச்சு விமானம் வந்தால் பங்கருக்குள் இறங்குவேன், பின்னேரம் வீட்டுக்கு வருவேன். அரசாங்கம் எங்கள் பக்கத்துக்குத் தடை விதித்த சாமான்களில் சீமெந்தும் ஒன்று. ஒரு மூடை சீமெந்து வைத்திருந்தவனை ஊரே அண்ணாந்து பார்த்தது.

அந்த நேரத்தில்தான் தங்கச்சிக்குக் கலியாணம் பொருந்தியது. மாப்பிள்ளை கனடாவில். யாழ்ப்பாணம் வர அவருக்குப் பயம், அதனால் தாலிகட்டு கொழும்பில், அங்கிருந்து அப்படியே விமானம். எல்லாம் பேசி முடித்துவிட்டு, மாப்பிள்ளையின் தகப்பனார் வெற்றிலையை மடித்தபடி கேட்டார்:

"வீடு எந்த அளவிலை நிக்குது?"

வீடு, சண்டை தொடங்க முன்பு கட்டிய சுவரும் கூரையுமாய் நின்றது. பூச்சு இல்லை, தரை போடவில்லை.

"அவையள் கனடாவிலை தானே இருக்கப் போயினம்?" என்றேன் நான்.

"அதுக்கு? வீடில்லாமல் பொம்பிளை எடுத்தது எண்டு நாலு சனம் கதைக்காதோ? பால் காய்ச்சிக் குடிபூரல் முடிச்சுத்தான் பிள்ளையை அனுப்ப வேணும்."

இதில் அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. எனக்குப் பெண் பார்த்திருந்தால் நாங்களும் அதையேதான் கேட்டிருப்போம். இருக்கப் போகாத வீட்டுக்குப் பூச்சுப் பூசுகிற புத்தி எங்கள் சனத்துக்கு மட்டும்தான் வரும்.

சீமெந்து இல்லாவிட்டால் சுண்ணாம்பு. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு சூளைக்காரரிடம் போனேன். அவருக்கு என்னைக் கண்டதும் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னய்யா, வழக்கோ சுண்ணாம்போ?"

"சுண்ணாம்பு" என்றேன்.

"எரிக்கலாம். கல்லுக்கு எங்கை போறது? கரையிலை கை வைச்சால் அந்தச் சனம் மறிக்கும். நீங்கள் ஒரு துண்டு எழுதித் தந்தியள் எண்டால் காரியம் ஆகும்."

பின்னேரம் அலுவலகத்தில் இருந்து எழுதினேன். கரையொதுங்கிய முருகைக்கற்களைச் சேகரிக்க இதைக் கொண்டுவருபவருக்கு அனுமதி உண்டு. கீழே கையெழுத்து, மேலே முத்திரை. கரையொதுங்கிய என்ற சொல்லை யோசித்துத்தான் போட்டேன். அந்த ஒரு சொல்லால் என் மனச்சாட்சி சுகமாக நித்திரை கொண்டது. எந்தத் திகதிவரை என்று மட்டும் எழுதவில்லை. மறந்தேன் என்று பலபேருக்குச் சொல்லியிருக்கிறேன். பொய். திகதி போட்டால் இன்னொரு துண்டு எழுத வேண்டிவரும் என்று போடாமல் விட்டேன். வேலியே பயிரை மேய்ந்தது என்பார்களே, மேய்ந்த வேலி நான்தான்.

சுண்ணாம்பு வண்டி வண்டியாக வந்தது. மேசன் பனங்கட்டித் தண்ணீர் கலந்து பூசினார். பூசிய சுவர் பளபளவென்று வந்துவிட்டது. குடிபூரலுக்குக் கொஞ்ச நாள் இருக்கையில் வள்ளக்காரர் அலுவலகத்துக்கு வந்தார். முதல்நாள் போலவே கதிரையில் இருக்கவில்லை.

"தம்பி, சூளைக்காரன் ஒரு துண்டு காட்டுறான். உங்கடை கையெழுத்தோ?"

"ஓம் அண்ணை. ஆனால் கரையிலை கிடக்கிற கல்லைப் பொறுக்கத்தான் எழுதினனான்."

"கரையிலை கிடந்தது ஒரு கிழமையிலை முடிஞ்சுது. இப்ப பத்துப்பேர் அலவாங்கோடை பாரிலை நிக்கினம். நாங்கள் மறிச்சால் உங்கடை துண்டை நீட்டுறாங்கள். நீங்கள் ஒருக்கால் வந்து சொல்லுங்கோ. வாடைக்கு முன்னம் நிப்பாட்டினால் மிச்சப் பார் தப்பும்."

குடிபூரல் முடிய வருகிறேன் என்றேன். அடுத்தநாள் போயிருக்கலாம். இரண்டு அறைக்குப் பூச்சு மிச்சம் இருந்தது, அதுதான் காரணம். வேறு எந்தக் காரணமும் இல்லை.

பால் காய்ச்சினோம், சனம் வந்து சாப்பிட்டது, நாலாம் நாள் காலை தங்கச்சி கொழும்புக்குப் போவதற்காகக் கிளாலித் துறைப் பக்கம் புறப்பட்டாள். அதன் பிறகுதான் நான் சூளைக்குப் போனேன். துண்டைத் திருப்பித் தரச் சொன்னேன். "அது எங்கையோ துலைஞ்சு போச்சய்யா" என்றார் சூளைக்காரர். சீமெந்து இல்லாத காலம். ஊர் முழுக்க அவரிடம் சுண்ணாம்பு கேட்டு நின்றது. தொலைந்த துண்டு இன்னும் ஒரு மாதம் வேலை செய்தது.

அந்த வருஷ வாடையில், பாரில் வாய் விட்ட இடத்தால் கடல் நேராக உள்ளே வந்தது. முதலில் வள்ளம் இழுத்துவிடுகிற மணல் போனது. பிறகு அவருடைய மூன்று தென்னை. கிணறு உப்பானது. குசினி ஒரு பகலில், சனம் பார்த்துக்கொண்டு நிற்கவே, சரிந்து போனது. அவர் முதல்நாள் சொன்னதில் ஒரு சொல்லும் பிசகவில்லை.

மழைக்குள் நனைந்துகொண்டு படலைக்கு வந்தார். கோபமாக வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"தம்பி, தங்கச்சியின்ரை வீடு சும்மாதானே கிடக்குது. வாடை முடியுமட்டும் ஒரு அறை தந்தால் காணும். மனிசியும் மூண்டு பிள்ளையளும். தை கழிய எழும்பிப் போயிடுவம்."

அம்மா உள்ளே இருந்தே கேட்டுக்கொண்டிருந்தார். "அவளின்ரை பேரிலை எழுதின வீடு. அவளைக் கேக்காமல் ஆரையும் விடேலாது" என்றார். உண்மையில் அம்மா சொல்ல நினைத்தது வேறு. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், படலையில் நின்றவருக்கும் தெரியும்.

வீட்டுப் பூட்டின் திறப்பு என் சேட்டுப்பைக்குள் இருந்தது. நான் அதைத் தொட்டுப் பார்த்தேன். பிறகு, "எழுதிக் கேக்கிறன் அண்ணை" என்றேன்.

"கேளுங்கோ" என்றுவிட்டுப் போனார்.

எழுதினேன். கொழும்புக்குப் போகிற ஒருவரின் கையில் கொடுத்து, அங்கே தபால் முத்திரை ஒட்டிப் போடுவித்தேன். அந்த நாளில் கனடாவுக்குக் கடிதம் போய்த் திரும்ப எத்தனை மாதம் ஆகும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் எழுதினேன். இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லப் பயந்தவனுக்குக் கடிதம் நல்ல ஒளிப்பிடம்.

மாசி மாதம் பதில் வந்தது. தங்கச்சி நாலே வரி எழுதியிருந்தாள். "அண்ணை, கடல் வீட்டுக்கை வந்த சனத்துக்கு அறை குடுக்கிறதுக்கு என்னைக் கேக்க வேணுமோ? நான் இஞ்சை நிலக்கீழ் அறை ஒண்டிலை இருக்கிறன். அந்த வீட்டை நான் கேட்டனானோ? உடனை திறந்து விடுங்கோ."

திறப்பை எடுத்துக்கொண்டு சைக்கிளை மிதித்தேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். அவருடைய வளவில் கிணற்றுக்கட்டு மட்டும் அலைக்குள் நின்றது. பக்கத்து வீட்டுப் பெண் வேலிக்கு வந்தாள். அவர்கள் தை பிறக்க முன்பே வள்ளத்தில் இராமேஸ்வரம் போய்விட்டார்கள் என்றாள். எனக்கு ஏதாவது சொல்லிவிட்டுப் போனாரா என்று கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லை என்றாள். நான் சைக்கிளைத் திருப்பினேன். அவள் என்னை உற்றுப் பார்த்தாள்.

"நீங்கள்தானே அந்தத் துண்டு எழுதின ஐயா?"

ஓம் என்றேன். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டட்டும் என்று நின்றேன்.

"எனக்கும் அப்பிடி ஒண்டு எழுதித் தாங்கோ ஐயா. மிச்சப் பாரிலை கொஞ்சக் கல்லு எடுக்கத்தான். மகளுக்கு ஒரு இடம் சரிவந்திருக்கு, வீடில்லாமல் எடுக்கமாட்டினமாம்."

பார் முழுக்கப் போனால் அவளுடைய குசினியும் போய்விடும் என்று சொன்னேன். கிணறு உப்பாகும் என்றேன், மீன் கரைக்கு வராது என்றேன், சட்டத்தில் இடமில்லை என்றேன். ஏழெட்டு வருஷத்துக்கு முன்பு மேசையிலிருந்து சொன்ன அத்தனையையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். எல்லாம் உண்மை. அவள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

"அப்ப உங்கடை தங்கச்சிக்கு மட்டும்தான் எழுதலாமோ ஐயா?" என்று கேட்டாள்.