வெள்ளிக்கிழமையே வாங்கிய மன்னிப்பு

ஃபீஜித் தீவின் பா நகரத்தில் பர்மேஷ் கவுண்டர் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஹேண்ட்பிரேக் என்று கேட்டால் சந்தையில் மீன் விற்கிறவள்கூட வழி சொல்லுவாள். பகலில் மலையடிவாரத்துக் கிராமங்களுக்குப் பஸ் ஓட்டுகிறான் என்பதால் வந்த பெயர் என்று அவன் சொல்லிக்கொள்வான். உண்மையில் அது மைதானத்தில் வந்த பெயர். மில் லைன் கால்பந்து அணியின் தடுப்பாட்டக்காரனான அவனைத் தாண்டி எவன் ஓடினாலும் அடுத்த நொடி அவன் சட்டை பர்மேஷின் கையில் இருக்கும்.

அடிக்க மாட்டான், காலை முறிக்க மாட்டான். அந்த மட்டில் யோக்கியன். நடுக்கோட்டுப் பக்கமாக, கோலுக்கு ரொம்ப தூரத்தில், பின்னால் இன்னும் ஒரு ஆள் காவலுக்கு இருக்கும்போது மட்டும் சட்டையைப் பிடித்து ஒரு இழுப்பு. அங்கே பிடித்தால் மஞ்சள் அட்டைதான், சிவப்பு கிடையாது என்பது அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். அட்டை காட்டும் நடுவரிடம் "சாரி சார், கை வழுக்கிடுச்சு" என்று சிரிப்பான். கை வழுக்கினால் சட்டை நழுவத்தானே வேண்டும், எப்படி மாட்டும் என்று எந்த நடுவரும் கேட்டதில்லை.

வீட்டில் விம்லா மட்டும் கேட்பாள். "திருடன்கூட மாட்டிக்கிட்டா திருடினதைத் திருப்பிக் கொடுக்கணும். நீங்க ஒரு கோலையே திருடிட்டு மஞ்சக் கலர்ல சீட்டு வாங்கிட்டு வர்றீங்க. நான் நடுவரா இருந்தா பத்து நிமிஷம் வெளியில முட்டி போட வச்சிருப்பேன்."

"பத்து நிமிஷம் வெளியில உக்கார வைக்கிறதெல்லாம் ரக்பியில. போய் ரொட்டியைப் புரட்டு."

ஆட்டம் முடிந்தபிறகு அவன் செய்கிற காரியம் இன்னும் பெரிய சாமர்த்தியம். ஃபீஜியர் வழக்கத்தில் ஒருவனுக்குத் தப்பு செய்தால் யாங்கோனா வேர்க்கட்டோடு அவன் ஊருக்குப் போய்த் தலைகுனிந்து உட்கார வேண்டும். ஊர்ப் பெரியவர் வேரைத் தொட்டுவிட்டால் தப்பு புதைந்துபோயிற்று. அப்புறம் அதை யாரும் தோண்டக் கூடாது. சனிக்கிழமை சட்டையை இழுப்பான், ஞாயிற்றுக்கிழமை வேரோடு போவான். வேரை இடித்துக் கரைத்து எல்லோரும் குடிப்பார்கள், நாக்கு மரத்துப்போகும், கோபமும் மரத்துப்போகும். திங்கட்கிழமை அதே ஊர்க்காரர்கள் அவன் பஸ்ஸில் ஏறி "என்ன ஹேண்ட்பிரேக்கு" என்று முதுகில் தட்டுவார்கள்.

அந்த வருஷம் மில் லைன் அணி கோப்பையின் இறுதிக்கு வந்துவிட்டது. எதிரணி மலைக்கிராமமான நகோரோவாய். இரண்டு ஆட்டம், இரண்டு சனிக்கிழமை, மொத்த கோல் கணக்கு. பர்மேஷுக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. முழங்கால் மழைக்கு முன்னாலேயே வலித்தது. இதுதான் கடைசி வருஷம் என்று விம்லாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். மில் லைன் ஒருமுறைகூட அந்தக் கோப்பையைத் தொட்டதில்லை. ஒரே ஒரு தடவை அதை இரண்டு கையாலும் தூக்கிவிட வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு.

முதல் ஆட்டத்தில் மில் லைன் ஒரு கோல் முன்னால் இருந்தது. முடிகிற சமயத்தில் நகோரோவாயின் முன்கள ஆட்டக்காரன் பெனாயா பந்தோடு பறந்தான். பையன் காற்று மாதிரி ஓடுவான். நடுக்கோட்டில் பர்மேஷ் அவன் சட்டையைக் கிழிகிற அளவுக்கு இழுத்தான். மஞ்சள் அட்டை, "சாரி சார்", நீண்ட விசில். வெற்றி.

மறுநாள் மாலை, சர்ச் முடிந்த கையோடு, தன் அணியின் கோல்கீப்பர் இனோகேயைத் தனக்காகப் பேசுகிற ஆளாகக் கூட்டிக்கொண்டு நகோரோவாய் போனான். இனோகே கைகளைக் குவித்துத் தட்டி, வேர்க்கட்டை முன்னால் வைத்து, முறைப்படி மன்னிப்புக் கேட்டான். ஊர்ப் பெரியவர் ஏமோசி வேரைத் தொட்டார். பர்மேஷ் மூச்சு விட்டான்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"மாமா, அந்தக் கட்டு என் கடைக் கட்டு. சிவப்பு ரிப்பன் நான் கட்டினது."

பெனாயாவின் சித்தி சலோத்தே. பா சந்தையில் யாங்கோனா விற்கிறவள். இத்தனை பெரிய சந்தையில் இந்த மனுஷன் இவளிடம் போயா வாங்க வேண்டும்!

"அதனாலென்ன? நல்ல சரக்குதானே?" என்றார் ஏமோசி.

"சரக்கு நல்ல சரக்குதான். ஆனா வாங்கினது வெள்ளிக்கிழமை. யாருக்கு அண்ணேன்னு கேட்டேன். நாளைக்கு ஒரு பாவம் பண்ண வேண்டியிருக்கு, அதுக்குன்னு சொல்லிச் சிரிச்சுட்டுப் போனாரு."

இனோகே மெதுவாகப் பாயைவிட்டு நகர்ந்து உட்கார்ந்தான். பர்மேஷுக்குக் காது சூடானது. யாரோ சிரிப்பை அடக்கி இருமினார்கள்.

பெனாயா எழுந்தான். "நடுவர் இவருக்கு மஞ்சள் அட்டை கொடுத்தாரு. நீங்க இவருக்குக் குடிக்கக் கொடுக்கப் போறீங்க. என் கோலை எனக்கு யாரு கொடுப்பா?"

"உக்காருடா. தொட்டாச்சு, புதைச்சாச்சு" என்றார் ஏமோசி. ஆனால் அன்றைக்குக் கிண்ணம் சுற்றி வந்தபோது அவர் பர்மேஷையே பார்த்து யோசித்துக்கொண்டிருந்தார். "முன்னாடியே மன்னிப்பு வாங்கி வச்சுக்கலாமா? இது நல்லா இருக்கே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் பர்மேஷ் வீட்டு வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. பின்னால் பாதி நகோரோவாய். ஏமோசி சட்டமாக வந்து விம்லா விரித்த பாயில் உட்கார்ந்து, கைக்குழந்தை கனத்துக்கு ஒரு வேர்க்கட்டை முன்னால் வைத்தார். அதே சிவப்பு ரிப்பன்.

"நாளைக்கு மைதானத்துல உங்களுக்கு எங்க ஊரால ஒரு கஷ்டம் நடக்கப் போகுது. அதுக்கு இன்னைக்கே மன்னிப்புக் கேட்டு வந்திருக்கோம்."

பர்மேஷ் வேரைத் தொடப் போன கையை இழுத்துக்கொண்டான். "என்ன கஷ்டம் மாமா?"

"அதை இப்பவே சொன்னா நல்லா இருக்குமா? நீங்க எங்ககிட்டச் சொல்லிட்டா செஞ்சீங்க?"

இனோகேயை ஆள் விட்டுக் கூப்பிட்டுக் கேட்டான். "ஏத்துக்கத்தான் அண்ணே வேணும். இந்த வழியைத் திறந்து விட்டதே நீங்கதானே" என்று அவன் கையை விரித்துவிட்டான். பர்மேஷ் வேரைத் தொட்டான். விம்லா வறுத்த கடலையைத் தட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்ச் சத்தமாகவே சிரித்தாள்.

மறுநாள் அவன் முழங்காலுக்குக் கீழே இரண்டிரண்டு காப்பு கட்டிக்கொண்டு இறங்கினான். இடுப்பில் ஒரு துண்டையும் சுற்றியிருந்தான். யார் முட்டுவான், எங்கே முட்டுவான், எலும்பா பல்லா? ஆனால் நகோரோவாய்க்காரர்கள் அன்றைக்கு அப்படி ஒரு மரியாதை. விழுந்தால் கை கொடுத்துத் தூக்கினார்கள். வெளியே போன பந்தை ஓடிப் போய் எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தார்கள். அவர்கள் நல்லவர்களாக இருக்க இருக்க அவன் இடுப்புத் துண்டை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டான். இந்தக் குழப்பத்தில் நகோரோவாய் தலையால் முட்டி ஒரு கோல் போட்டுக் கணக்கைச் சமன் செய்துவிட்டது.

கடைசி நேரம். பந்து பெனாயாவிடம் போனது. நடுக்கோட்டுக்குப் பக்கத்தில், பர்மேஷின் தோளை உரசிக்கொண்டு கிளம்பினான். அதே இடம், அதே சட்டை, கிழிந்த இடத்தில் தையல் வேறு தெரிந்தது. பர்மேஷின் கை யாரும் சொல்லாமலே நீண்டது. நீண்ட கையில் மனசு வந்து உட்கார்ந்தது: இதோ, இதற்காகத்தான் காத்திருக்கிறார்கள். தொட்டால் தீர்ந்தோம்.

கையை மேலே தூக்கிவிட்டான். ஆயிரம் பேர் பார்க்க, சரணடைகிறவன் மாதிரி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றான். பெனாயா போனான், பின்னால் இருந்த ஆளையும் ஏய்த்தான், இனோகேயைத் தாண்டிப் பந்தை உள்ளே தள்ளினான்.

விசில் ஊதியதும் பர்மேஷ் பெனாயாவைத் தேடிப் போனான். "டேய், ஆட்டமே முடிஞ்சுபோச்சு. அந்தக் கஷ்டம் எங்கடா?"

"நடந்துருச்சே அண்ணே. நான் கோல் போட்டேன்ல?"

"அதுக்கா மன்னிப்பு?"

"உங்களுக்குக் கஷ்டமா இல்லையா?"

இருந்தது. ஏமாற்றிவிட்டீர்கள் என்று கத்த வாயைத் திறந்தான். எதிரே ஏமோசி நின்றார். "தொட்டாச்சு தம்பி, புதைச்சாச்சு" என்று அன்பாகச் சொன்னார். வாயை மூடிக்கொண்டான்.

அன்று மாலை நகோரோவாய்க்குப் போகிற பஸ் அவனுடையதுதான். ஊரே ஏறியது, கூரைவரை பாட்டு. கோப்பையை வைக்க இடமில்லாமல் சலோத்தே அதைக் கொண்டுவந்து டிரைவர் பக்கத்தில், எஞ்சின் மூடிமேல் வைத்தாள். கரும்புக்காட்டு வழியில் பஸ் குலுங்கும்போதெல்லாம் அது சரிந்தது. அவன் இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டே ஓட்டினான்.

ஊர் வந்தது. ஏற்றத்தில் பஸ்ஸை நிறுத்தி, கோப்பையை விட்டுவிட்டு ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து இழுத்தான். பின்னாலிருந்து மொத்தப் பஸ்ஸும் ஒரே குரலில் கத்தியது: "மஞ்சள் அட்டை!"

பர்மேஷ் திரும்பிப் பார்க்கவில்லை. "சாரி சார், கை வழுக்கிடுச்சு" என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்துவிட்டான்.