சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய வாஷிங் மெஷின்

என் அண்ணி சசிரேகாவுக்குக் குறை கண்டுபிடிப்பதுதான் தொழில். நாத்தனார் என்பதால் சொல்லவில்லை, அவள் சம்பளம் வாங்குவதே அதற்குத்தான். ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் பதினோரு வருஷமாகக் கடைசி இன்ஸ்பெக்‌ஷனில் நிற்கிறாள். கதவு இடுக்கில் விரலை ஓட்டிப் பார்ப்பாள். கோணல் என்று பட்டால் சட்டைப் பையிலிருந்து சிவப்பு ஸ்டிக்கரை எடுத்து ஒட்டிவிடுவாள். ஒட்டுவது மட்டும்தான் அவள் வேலை, பிய்ப்பதற்கு சூப்பர்வைசர் வர வேண்டும். என் அண்ணன் ஜீவானந்தத்துக்கு இன்னும் ஒட்டாமல் விட்டுவைத்திருப்பதே அதிசயம்.

இப்படிப்பட்டவள் வாஷிங் மெஷினும் டிரையரும் வாங்கக் கிளம்பினாள்.

வல்லம் வடகாலில் எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு லேடீஸ் ஹாஸ்டல். எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிக்குப் போகும் இருபத்துநாலு பெண்கள் இருக்கிறார்கள். ஐப்பசி மழை பிடித்தால் அவர்களுடைய கம்பெனிக் கோட்டு மூன்று நாளானாலும் காயாது. ஈரக் கோட்டோடு போனால் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். "திங்கக்கெழமைலேர்ந்து நான் தொவைச்சிக் காயவச்சித் தரேன்" என்று வார்டனிடம் அண்ணி வாக்குக் கொடுத்துவிட்டாள். தவறினால் வேலை வேறு லாண்டரிக்குப் போய்விடும். சொந்தமாக ஒரு தொழில் வேண்டும் என்பது அவளுடைய வெகுநாள் ஆசை. அந்த ஆசை முழுக்க அந்தத் திங்கட்கிழமையை நம்பித்தான் இருந்தது.

சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு வந்தவள் என்னையும் இழுத்துக்கொண்டு வாலாஜாபாத் கடைக்குப் போனாள். என் கையில் ஒரு பக்கெட், அதில் ஹாஸ்டல் பெண்களின் மூன்று ஈரக் கோட்டு.

"இன்னா மேடம் இது?" என்றான் சேல்ஸ்மேன் பிரசன்னா.

"டிரையருக்குப் பரீட்சை கீது. ஓட்டிக் காட்டு."

மானம் போயிற்று என்று நான் பக்கத்து ஃபிரிட்ஜைப் பார்ப்பதுபோல் நின்றேன்.

முதல் டிரையர் சீக்கிரமே காயவைத்துவிட்டது, ஆனால் கோட்டு கொதித்தது. அண்ணி காலருக்குள் இருந்த லேபிளைப் படித்துக் காட்டினாள். அதிகச் சூடு ஆகாதாம். இரண்டாவதற்கு ஆவி போகச் சுவரைத் துளைத்துக் குழாய் விட வேண்டும். மூன்றாவது ஆமை வேகம். ஆனால் வெளியே எடுத்தபோது பை மூலையில்கூட ஈரமில்லை, கோட்டு வெதுவெதுப்பாக இருந்தது.

"இதான்" என்றாள். எனக்குப் போன உயிர் வந்தது.

எங்கள் வீட்டில் இடம் குறைவு. கீழே வாஷிங் மெஷின், அதன் தலையில் டிரையர் என்று வைத்தால்தான் உண்டு. கீழே இருப்பது ஆடக் கூடாது. அந்த டிரையருக்கு ஜோடியான வாஷிங் மெஷினில் பிரசன்னா தண்ணீர் பிழியும் சுற்றை ஓட்டினான். அது தடதடவென்று ஆடி, இடத்தை விட்டே நகர ஆரம்பித்தது. நான் கையைப் பிடிப்பதற்குள் அண்ணி சிவப்பு ஸ்டிக்கரை எடுத்து அதன் நெற்றியில் ஒட்டிவிட்டாள்.

அதே மெஷினுக்கு பில் போடச் சொல்லியிருந்த ஒரு குடும்பம் பின்வாங்கியது. முதலாளி கோதண்டராமன் எழுந்து வந்தார். "இன்னாம்மா, என் கடைக்கே வந்து ஸ்டிக்கர் ஒட்றே?"

அண்ணிக்கு அப்போதுதான் சுரணை வந்தது. "கை பழக்கம் சார்..."

கடை மெக்கானிக் தளவாய், தென்காசிப் பக்கத்துக்காரர், மெஷினின் பின்பக்கம் குனிந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "ஏலே பிரசன்னா, லாரில ஆடாம இருக்கப் போட்ட போல்ட்டக் கழத்தவே இல்லியேடே!"

நாலு போல்ட்டையும் கழற்றி மறுபடி ஓட்டினார்கள். மேலே வைத்த டீ கிளாஸ் லேசாக நடுங்கியதோடு சரி.

"நான் அவசரப்பட்டுட்டேன் சார், தப்பு என்னுதுதான்" என்றாள் அண்ணி. ஆனால் ஸ்டிக்கரைப் பிய்க்காமல் யாரையோ எதிர்பார்த்து நின்றாள்.

"இங்க ஏது அண்ணி சூப்பர்வைசர்? நீயே பிய்ச்சிடு" என்று நான் சொன்னதும் கடையே சிரித்தது. நகத்தால் சுரண்டிப் பிய்த்தாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

ஞாயிறு காலை ஜோடி வந்து இறங்கியது. நாள் முழுக்க மழை கொட்டியது, நாள் முழுக்க இரண்டும் ஓடின. அண்ணன் மடித்துக்கொண்டே இருந்தான்.

திங்கட்கிழமை விடிகாலையில் ஷெர்லின் என்ற ஹாஸ்டல் பெண் அப்போதுதான் டிரையரிலிருந்து எடுத்த கோட்டை மாட்டிக்கொண்டு, "அக்கா, சூடா இட்லி மாதிரி கீதுக்கா!" என்று அண்ணியைக் கட்டிக்கொண்டாள். இருபத்துநாலு பேரும் காய்ந்த கோட்டோடு பஸ் ஏறினார்கள். "இனிமே ஒன்கிட்டதாம்மா" என்றார் வார்டன். அண்ணி அழுதேவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து அவள் கம்பெனி பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்தது. உள்ளே ஓடியவள் "ஐயோ!" என்று அலறினாள். ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான். அவளுடைய யூனிஃபார்ம் சனிக்கிழமையிலிருந்து கொல்லைக் கொடியில் மழையில் தொங்கிக்கொண்டிருந்தது.

அதையே பிழிந்து மாட்டிக்கொண்டு, சொட்டச் சொட்டச் சிரித்தபடியே பஸ்ஸுக்கு ஓடினாள்.