ரேஸ் காரில் கேட்ட பாட்டு

நேற்று கம்பெனி பஸ்ஸில் பழைய ஆங்கிலப் பாட்டு ஒன்று ஒலித்ததும் அப்பாவின் நினைவு வந்தது.

பள்ளி நாட்களில் ஒருநாள் நான் கம்ப்யூட்டரில் கார் ரேஸ் ஆடிக்கொண்டிருந்தேன். கடைசிச் சுற்றில் நான்தான் முதலிடம். அப்போது விளையாட்டுக் காரின் ரேடியோவில் அந்தப் பாட்டு வந்தது. ஷிப்ட் முடிந்து வந்த அப்பா பின்னால் நின்றார். திட்டுவார் என்று பயந்தேன்.

“ஓரமா நிறுத்து பாப்பா. ரேஸ் முடிஞ்சா பாட்டும் நின்னுடும்.”

நிறுத்தினேன். மற்ற கார்கள் எல்லாம் தாண்டிப் போயின. ஆங்கிலமே தெரியாதென்று நான் நினைத்திருந்த அப்பா, ஒரு வரி விடாமல் கூடவே பாடினார்.

“எங்க கத்துக்கிட்டப்பா?”

“பெங்களூருல வேலை செஞ்சப்ப. கல்யாணத்துக்கு முந்தி,” என்று சொல்லிவிட்டு, வெட்கத்தோடு குளிக்கப் போனார்.

அப்பா இப்போது இல்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் அம்மாவுக்குப் போன் செய்து இதைச் சொன்னேன்.

“எங்கிட்ட கடைசிவரைக்கும் ஒரு வரி பாடலியே உங்கப்பா,” என்றாள்.