இருசம்மாளின் வெள்ளைச் சேலை

பெற்றவளைப் பார்த்துக் குழந்தை அலறினால் ஊர் வாயைப் பொத்திக்கொண்டா இருக்கும்? சமயபுரத்துக்குப் பக்கத்துக் கிராமத்து இருசம்மாளுக்கு ஐம்பத்தொன்பதாம் வருஷம் அப்படித்தான் ஆனது. அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. மகள் மாரியாயிக்கு மூன்று நடந்துகொண்டிருந்தது.

தை மாதம் குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சேர்த்த மறுநாளே, அறுவடை நெல் ஏற்றி வந்த வண்டி வாய்க்காலில் கவிழ்ந்து, அவள் புருஷன் ராசப்பன் அடியில் சிக்கிக்கொண்டான். தகவல் வந்ததும் இருசம்மாள் குழந்தையை நாத்தனார் பொன்னுத்தாயிடம் ஒப்படைத்துவிட்டுக் கட்டிய சேலையோடு ஊருக்கு ஓடினாள். புருஷன் பிழைக்கவில்லை. காரியம் முடிந்ததும் வெள்ளைச் சேலையைக் கொடுத்து, ஒரு மாதம் வெளியே தலைகாட்டக் கூடாதென்று மூலையில் உட்காரவைத்தார்கள். மகள் ஆஸ்பத்திரியில் ஊசியும் மருந்துமாகக் கிடப்பது எல்லாருக்கும் தெரியும். ஒருத்தராவது போய்ப் பார்த்துவிட்டு வா என்று சொன்னார்களா? சொல்லவில்லை. சாங்கியத்துக்கு இருந்த மரியாதை குழந்தைக்கு இல்லை.

பொன்னுத்தாய் எடமலைப்பட்டி புதூரில் குடியிருந்தாள். பிள்ளை இல்லை. உடம்பு தேறிய குழந்தையை அவள் தன் வீட்டுக்கே கொண்டுபோயிருந்தாள். மாதம் முடிந்த அன்றே இருசம்மாள் பஸ் ஏறினாள். ஸ்ரீரங்கத்துக் கோபுரம் கடந்தபோது கன்னத்தில் போட்டுக்கொள்ளக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. குழந்தையைத் தூக்கினால் எப்படிக் கனக்கும் என்றுதான் கைகள் நினைத்துக்கொண்டிருந்தன.

வாசலில் நிழல் விழுந்ததும் மாரியாயி நிமிர்ந்து பார்த்தாள். கையிலிருந்த கரண்டி விழுந்தது. பிறகு வந்த அலறலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள். குழந்தை நின்ற இடத்திலேயே சிறுநீர் விட்டுவிட்டு அத்தையின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"ஒரு மாசமா பாக்கலைல்ல, மறந்திருக்கும். பழகிட்டா சரியாப் போயிடும்" என்றாள் பொன்னுத்தாய்.

சரியாகப் போகவில்லை. அடுத்த வாரமும் அலறல், அதற்கடுத்த வாரமும் அலறல். வேறு யாரைக் கண்டும் அது பயப்படவில்லை. ராசப்பனின் அப்பா சின்னையா வெள்ளை வேட்டியோடு வந்தால் மடியில் ஏறிக்கொண்டது. மந்திரிக்க வந்த பூசாரியின் தாடியைப் பிடித்து இழுத்துச் சிரித்தது. அவர் வந்த காரியத்துக்கு இது இடைஞ்சல்தான். ஆனாலும் சமாளித்துக்கொண்டு, குழந்தையிடம் குற்றமில்லை, தாயிடம்தான் ஏதோ இருக்கிறது என்று சொல்லி வேப்பிலையை மடக்கி வைத்தார்.

"என் தம்பி இவ பின்னாலயே நிக்கிறான். நமக்குத் தெரியலை, பச்சைப் புள்ள கண்ணுக்குத் தெரியுது" என்றாள் பொன்னுத்தாய். வஞ்சகமாகச் சொன்னாள் என்று சொல்ல மாட்டேன். நம்பித்தான் சொன்னாள். குழந்தை தன்னிடமே இருந்துவிட வேண்டும் என்ற ஆசையும் அந்த நம்பிக்கைக்குள் இருந்தது.

அந்தப் பேச்சு இருசம்மாளை ஆட்டிவைத்தது. கிணற்றில் தண்ணீர் இறைக்கும்போது திடீரென்று திரும்பிப் பார்ப்பாள். சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் சோறு தின்பாள். உயிரோடு இருந்தவரை ராசப்பனைக் கண்டு ஒருநாளும் பயந்ததில்லை. இப்போது அவன் பேரைச் சொன்னாலே காதைப் பொத்திக்கொண்டாள். பேயைவிடப் பெரிய பயம் ஒன்றும் வந்து சேர்ந்தது. சித்திரைத் தேர் முடிந்ததும் குழந்தையைப் பொன்னுத்தாய்க்கே தத்துக் கொடுத்துவிடலாம் என்று மாமனார் முடிவு சொல்லிவிட்டார்.

பங்குனியில் ஒருநாள் மாரியாயியை மறுபடி டாக்டரிடம் காட்ட ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இருசம்மாளும் போனாள். குழந்தை கண்ணில் பட்டுவிடாமல் தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்றாள். பெற்ற மகளுக்கே பயந்து ஒளிய வேண்டியிருந்தது.

திடீரென்று அதே அலறல். இருசம்மாள் தூணோடு ஒட்டிக்கொண்டாள். 'நான் ஒளிந்துதானே நிற்கிறேன், என்னைப் பார்க்கவே இல்லையே!' மெல்ல எட்டிப் பார்த்தாள். அத்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கத்தும் குழந்தைக்கு எதிரே, கையில் ஊசித் தட்டோடு நர்ஸ் டோரதி வந்துகொண்டிருந்தாள். வெள்ளைச் சேலை. பொட்டில்லாத நெற்றி.

இருசம்மாள் குனிந்து தன் சேலையைப் பார்த்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் யாரும் இல்லை. எல்லாம் அவள் உடம்பின்மேல்தான் இருந்தது.

இருந்தாலும் மனசு ஒப்பவில்லை. மற்றவர்கள் போனபிறகும் அவள் காத்திருந்தாள். மத்தியானம் டோரதி டூட்டி முடிந்து ஊதாப் பூப்போட்ட சேலையில் வெளியே வந்தாள். காலையில் அவளிடம் ஊசி போட்டுக்கொண்டு ஊரைக் கூட்டிய ஒரு பையன் ஓடிவந்து அவள் காலைக் கட்டிக்கொண்டான்.

"இவன் உங்களைப் பாத்துப் பயப்படலீங்களா?" என்று கேட்டாள் இருசம்மாள்.

"இந்தச் சேலையில வந்தா ஏம்மா பயப்படப் போறான்? யூனிபார்ம்ல பாத்தாத்தான் கத்துவான். வெள்ளையக் கண்டாலே ஊசின்னு ஆயிப்போச்சு இதுங்களுக்கு."

அன்று ராத்திரி இருசம்மாள் தூங்கவில்லை. பச்சைச் சுங்குடிச் சேலை பெட்டியில்தான் இருந்தது. எடுத்துக் கட்ட எவ்வளவு நேரமாகும்? ஆனால் தாலி அறுத்தவள் பச்சை கட்டினால் என்ன பேசுவார்கள், மாமனார் என்ன செய்வார், வீட்டைவிட்டுத் துரத்தினால் எங்கே போவது? கட்டாவிட்டால் மகள் இல்லை. அதையும் நினைத்தாள். விடிந்து மாமனார் வயலுக்குப் போனதும் எழுந்து பெட்டியைத் திறந்தாள்.

பஸ் நிற்கிற இடத்தில் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். "அறுத்தவ எங்கடி இப்படிச் சிங்காரிச்சுக்கிட்டுப் போறா?" என்றாள் ஒருத்தி, காதில் விழவேண்டும் என்றே. இருசம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள். வாயைத் திறந்தால் அழுதுவிடுவாள்.

"அடிப் பாவி! என் தம்பி செத்து மூணு மாசம் ஆகலை" என்று பொன்னுத்தாய் வாசலை மறித்தாள்.

"அண்ணி, ஒரே ஒரு தரம். இன்னைக்கும் அவ கத்தினா நீங்களே வச்சுக்குங்க. நான் இந்தப் பக்கமே வரலை."

அவள் வாசற்படியில் உட்கார்ந்தாள். கூப்பிடவில்லை, கையை நீட்டவில்லை. மாரியாயி கதவிடுக்கிலிருந்து பார்த்தாள். அலறல் இப்போது வரும், இப்போது வரும் என்று இருசம்மாள் படியையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை ஓரடி வைத்தது. நின்றது. கிட்டே வந்து சேலையின் புள்ளிகளை விரலால் தொட்டுப் பார்த்தது. பிறகு மடியில் ஏறி, சட்டைக் கையைக் கெட்டியாக இழுத்துப் பிடித்துக்கொண்டு சொன்னது.

"அம்மா, ஊசி வேணாம்மா."

பொன்னுத்தாய் அப்படியே கதவில் சரிந்து உட்கார்ந்து ஓவென்று அழுதாள். தத்துப் பேச்சு அன்றோடு நின்றது.

பயம் தெளிகிறவரை கலர்ச் சேலை கட்டிக்கொள்ளட்டும் என்று சின்னையா அரைமனதாக விட்டுக்கொடுத்தார். தெளியவைக்கும் வழியை இருசம்மாள் தானே கண்டுபிடித்தாள். தூரத்துக் கொடியில் வெள்ளைச் சேலையைக் காயப்போட்டு, இந்தப் பக்கம் மகளுக்குப் பொரியும் வெல்லமும் ஊட்டினாள். கொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கட்டினாள். ஒருநாள் அவசரப்பட்டு அதைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தபோது குழந்தை வீறிட்டது; அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. கொடி பழைய இடத்துக்கே போனது. ஐப்பசியில்தான் மாரியாயி அந்தச் சேலையில் வெல்லக் கையைத் துடைத்துவிட்டுச் சிரித்தாள்.

சின்னையா அதைப் பார்த்துவிட்டார். "புள்ளைக்குத்தான் தெளிஞ்சிருச்சே. இனிமே வெள்ளையக் கட்டும்மா" என்றார்.

இருசம்மாள் சேலையை எடுத்தாள். மடிப்பைப் பிரித்தாள். அவளால் அதை இடுப்பில் சுற்ற முடியவில்லை.

"அவளுக்குத் தெளிஞ்சிருச்சு மாமா. இதைப் பாத்தா, இப்ப எனக்குத்தான் புள்ள போயிடும்னு குலை நடுங்குது. எனக்கு யாரு தெளிய வைப்பா?"

சின்னையா எழுந்தார். அவள் கையிலிருந்த சேலையை வாங்கிக்கொண்டு வெளியே போனார். அவர் இருந்தவரை அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.