நாலாம் நம்பர் மேடையில் கேட்ட குரல்

நம்புங்கள் என்று உங்கள் காலில் விழப்போவதில்லை. நடந்தது நடந்ததுதான். மழை பெய்கிறது என்று என் மனைவி சொன்னால்கூட ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்த பிறகுதான் குடையை எடுப்பேன். யார் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொண்டு பழக்கமில்லை. அப்படிப்பட்டவன் எழுதுகிறேன். படித்தது ஆறாவது வரை. எழுத்துப் பிழைகளை என் மகள் திருத்தினாள். விஷயத்தைத் திருத்த விடவில்லை.

நேரமெல்லாம் சரியாக இருக்கும். லாரி உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம் என்று நாற்பது வருஷம் கடிகாரம் பார்த்தே வாழ்ந்தவன் நான்.

என் வேலை கூப்பிடுவது. பெரிய கிடங்கு அது. சரக்கு இறக்க வரும் லாரி பின்பக்கமாக வந்து சிமெண்ட் மேடையை ஒட்டி நிற்க வேண்டும். டிரைவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. நான் இடது ஓரத்தில் நின்று கத்துவேன். "வரலாம்... வரலாம்... ஒடிச்சு வா... வரலாம்... போதும்!" மேடைக்கும் லாரிக்கும் நடுவே உள்ளங்கை அளவு இடம்தான் இருக்கும். எல்லோரும் என்னை 'வரலாம்' என்றே கூப்பிட்டார்கள். புது டிரைவர்களுக்கு நான் சொல்லும் முதல் பாடம், "கண்ணாடியைப் பாக்காதே. என் குரலைக் கேளு." என் மகளைக் கட்டிய மாப்பிள்ளையும் அப்படி என்னிடம் பழகிய டிரைவர்தான்.

அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது.

"குரல்வளையை மொத்தமா எடுத்தாகணும்" என்றார் டாக்டர்.

"எடுக்கலேன்னா?"

"ஆறு மாசம்."

இன்னொரு டாக்டரிடம் போனேன். அவரும் ஆறு மாசம் என்றார். இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டார்களோ என்று மூன்றாவது ஆளிடமும் போனேன். அவர் ஐந்து என்றார்.

நான் கடைசியாகப் பேசியது என்ன தெரியுமா? ஆபரேஷனுக்கு ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போன ஆள் கதவில் இடித்தான். "ஒடிச்சுத் திருப்புடா, குருட்டுப்பயலே" என்றேன். அவ்வளவுதான். பக்கத்தில் என் மனைவி அழுதுகொண்டு வந்தாள். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கண் விழித்தபோது கழுத்தின் நடுவில் ஒரு ஓட்டை. இனி மூச்சு அந்த வழியாகத்தான். மூக்கில் மூச்சு போகாததால் வாசனையும் போய்விட்டது. குளித்தால் ஓட்டையில் தண்ணீர் போகாமல் பார்க்க வேண்டும். இருமினால் கழுத்து இருமும். மேலே ஒரு துணியைக் கட்டிவிட்டார்கள்.

முதல் வேலையாக ஒரு தாளில் எழுதிக் கேட்டேன்.

'அறுத்ததை எங்கே வைத்தீர்கள்?'

"லேப்ல இருக்கு ஐயா. பாட்டில்ல மருந்து ஊத்தி வெச்சிருப்பாங்க" என்றாள் நர்ஸ்.

'எனக்கு வேண்டும்.'

அவள் சிரித்தாள். "அத வெச்சு என்ன பண்ணப்போறீங்க?"

தாளைக் கசக்கிப் போட்டேன். அதோடு விட்டுவிட்டேன். அந்த ஒன்றுக்காகத்தான் இன்றுவரை என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

பிறகு கதிர்வீச்சு. முப்பது நாள். முகத்துக்கு வலை மாதிரி ஒரு மூடி செய்து மாட்டி, தலையை மேஜையோடு சேர்த்துப் பூட்டிவிடுவார்கள். அறையில் தனியாக விட்டுக் கதவை மூடுவார்கள். பயந்தாலும் கத்த முடியாது. கையைத் தூக்கலாம், அவ்வளவுதான். கழுத்து வெந்து தோல் உரிந்தது. எச்சிலை விழுங்குவது ஆணியை விழுங்குவது போல இருந்தது. போதும், விட்டுவிடுங்கள் என்று எத்தனை நாள் கண்ணாலேயே கெஞ்சியிருப்பேன்!

பேசுவதற்கு ஒரு மெஷின் கொடுத்தார்கள். கழுத்தில் வைத்து அழுத்தினால் தகர டப்பாவுக்குள் மாட்டிய வண்டு மாதிரி ஒரு சத்தம் வரும்.

"மாமா, ரேடியோ சரியா பிடிக்கல" என்றார் மாப்பிள்ளை. சிரிக்க வைக்கத்தான் சொன்னார். மெஷினை அணைத்து மேஜை டிராயரில் போட்டேன்.

அந்த நாட்களில்தான் முதல் தடவை நடந்தது. மாலை ஆறு பத்து. நான் கட்டிலில் படுத்திருந்தேன். என் மனைவி சமையலறையிலிருந்து ஈரக்கையோடு ஓடி வந்தாள்.

"என்னங்க, கூப்பிட்டீங்களா?"

அவளையே பார்த்தேன். அவளும் என் கழுத்துத் துணியைப் பார்த்தாள். திரும்பிப் போய்விட்டாள். அழுது அழுது இவளுக்குக் காது குழம்பிவிட்டது என்று நினைத்தேன்.

மூன்று நாள் கழித்து அதே மாதிரி ஓடி வந்தாள்.

பிறகு வருவதை நிறுத்திவிட்டாள். ஆனால் சில நேரம் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும் கை அப்படியே நின்றுவிடும். தலையைச் சாய்த்துக் கேட்பாள். நான் பார்ப்பது தெரிந்தால் மறுபடி கழுவ ஆரம்பிப்பாள்.

கதிர்வீச்சு முடிந்து மூன்றாம் வாரம், மனைவி வற்புறுத்தியதால் டிராயரில் கிடந்த மெஷினையும் எடுத்துக்கொண்டு கிடங்குக்குப் போனேன். வீட்டில் உட்கார்ந்தால் நான் செத்தவன்தான். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

மேனேஜர் என் கழுத்தைப் பார்க்காமல் பேசினார். "ஒரு வாரம் பாக்கலாம். சரிப்படலேன்னா வீட்ல இருங்க. தப்பா எடுத்துக்காதீங்க." ஒரு விசிலைக் கையில் கொடுத்தார். "கத்த வேண்டாம். இத ஊதுங்க."

வாயில் வைத்து ஊதினேன். கழுத்துத் துணிதான் படபடவென்று ஆடியது. மூச்சு அந்த வழியாகப் போகிறவன் விசிலை எங்கே ஊதுவது? மாப்பிள்ளை சிரித்துவிட்டு, உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதனால் தட்டுவது என்று முடிவு செய்தோம். லாரி பாடியில் இரண்டு தட்டு என்றால் வா. ஒரு தட்டு என்றால் நிறுத்து. லாரி தாண்டி வராமல் இருக்கப் பின் டயர் நிற்க வேண்டிய இடத்தில் முன்னாடியே ஒரு மரக்கட்டையையும் போட்டுவிடுவேன்.

முதல் நாளே ஒன்று உறுத்தியது. ஒன்று, இரண்டு, மூன்றாம் நம்பர் மேடைகளின் சிமெண்ட் விளிம்பெல்லாம் உடைந்து கிடந்தது. நான் இல்லாத நேரத்தில் இடித்திருக்கிறார்கள். நாலாம் நம்பர் மேடையில் ஒரு கீறல் இல்லை. அது என் மேடை. அங்கே நின்ற லாரிக்கும் மேடைக்கும் நடுவில் உள்ளங்கையை நுழைத்துப் பார்த்தேன். சரியாக நுழைந்தது.

யார் கூப்பிட்டது என்று கையால் கேட்டேன். டிரைவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருவர் பீடி பற்ற வைத்தார்.

மூன்றாம் நாள். புதன்கிழமை. நல்ல மழை.

மாப்பிள்ளையின் லாரி ஆறு முப்பத்தொன்றுக்கு உள்ளே வந்தது. நாலாம் நம்பர் மேடை. இருட்டிவிட்டது. மேடைக்கு மேலே ஒரு விளக்கு, ஒரு கடிகாரம். இருபதடி தள்ளி லாரி நின்றது. நான் தட்டினால்தான் நகர வேண்டும். கட்டையை எடுத்துக்கொண்டு லாரிக்கும் மேடைக்கும் நடுவில் போனேன். குனிந்தேன்.

கடிகாரத்தில் ஆறு முப்பத்தெட்டு.

"வரலாம்..."

கட்டை கையிலிருந்து நழுவியது.

இடது ஓரத்திலிருந்து வந்தது. நான் எப்போதும் நிற்கும் இடம். அங்கே ஆள் இல்லை. மழைதான் இருந்தது.

"வரலாம்... வரலாம்..."

என் குரல். கட்டி வருவதற்கு முந்தின குரல். நடுவில் லேசாகச் செருமிக்கொள்வேனே, அந்தச் செருமல்கூட இருந்தது.

லாரி நகர்ந்தது. குரல் வந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தவன் திரும்பியபோது பின் கதவு முகத்துக்கு நேரே வந்துவிட்டது; விலக நேரமில்லை.

கையால் பின் கதவில் அடித்தேன். ஒரு தட்டு. டொம். நிற்கவில்லை. மறுபடி ஒரு தட்டு. நிற்கவில்லை.

"ஒடிச்சு வா... வரலாம்..."

வாயைத் திறந்து கத்தினேன். கழுத்து ஓட்டையிலிருந்து 'புஸ்' என்று காற்று வந்தது. அவ்வளவுதான். மெஷின் மழைக்கோட்டுக்குள் இருந்தது. விசில் கழுத்தில் சும்மா தொங்கியது.

முதுகில் மேடை இடித்தது.

நெஞ்சில் இரும்பு.

விலா எலும்பில் ஏதோ முறிந்தது... மூச்சு ஓட்டையில் துணி ஒட்டிக்கொண்டது...

"வரலாம்..."

என்னை நானே கூப்பிட்டுக் கொல்கிறேன் என்று நினைத்தேன்.

அப்போது...

வாசனை வந்தது.

நாலு மாதமாக எனக்கு எந்த வாசனையும் கிடையாது. அன்றைக்கு வந்தது. மயிர் பொசுங்கும் வாசனை. மழையில்.

"ஐயோ!"

அதே குரல்.

"ஐயா... வேண்டாம்யா... வேண்டாம்யா..."

லாரி குலுங்கி நின்றது.

கடிகாரம் ஆறு நாற்பது.

அந்தக் குரல் அப்படி அலறி நான் கேட்டதே இல்லை. நாற்பது வருஷத்தில் எந்த டிரைவரையும் நான் ஐயா என்றதில்லை. எவனிடமும் கெஞ்சியதுமில்லை.

மாப்பிள்ளை லாரியை முன்னால் எடுத்துவிட்டு ஓடி வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. அவர் சட்டையைப் பிடித்தேன். என் குரலைப் போனில் பிடித்து வைத்துக்கொண்டு விளையாடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் பாக்கெட்டில் கைவிட்டேன். போன் இல்லை. காலையிலேயே ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டாராம்.

"நீங்கதான் மாமா கூப்பிட்டீங்க" என்றார். "தட்டுனதும் கேட்டுச்சு. ஆனா நீங்க வரலாம் வரலாம்னுட்டே இருந்தீங்க. பத்தொன்பது வருசமா கேட்ட குரல் மாமா. கால் தானா பெடலுக்குப் போயிருச்சு. உங்களுக்குக் குரல் இல்லேங்கறதே எனக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு."

நான் அவரை விடவில்லை. உலுக்கினேன்.

"உங்களுக்கு ஆபரேசன் ஆன மறுநாள்லருந்து இங்க கேக்குது மாமா" என்றார். "எல்லாருக்கும் கேக்கும். நாலாம் நம்பர்ல மட்டும். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு..."

ஏதாவது வாசனை வந்ததா என்று மூக்கைத் தொட்டுக் கேட்டேன்.

"மழை வாசனைதான் மாமா. வேறென்ன?"

விலாவில் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனபோது எட்டரை. என் மனைவி வாசல் படியில் மழையில் நனைந்தபடி உட்கார்ந்திருந்தாள். உள்ளே போகமாட்டேன் என்றாள்.

"ஏழே கால் இருக்கும். உள் ரூம்ல நீங்க அழுதீங்க" என்றாள். "என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அழுதீங்க. எரியுது, எரியுதுன்னீங்க. கதவத் தொறந்தா ஆளே இல்ல."

அன்று இரவு இருவரும் மகள் வீட்டில் படுத்தோம். நான் தூங்கவில்லை. அவளும்தான்.

ஒன்பது நாள் கழித்து ஆஸ்பத்திரியில் எனக்குப் பரிசோதனை. அது முடிந்ததும் மகளிடம் காத்திருக்கச் சொல்லிவிட்டு நேராக லேபுக்குப் போனேன். என் சீட்டை நீட்டினேன். தாளில் எழுதியிருந்தேன். 'என் தொண்டையைக் கொடுங்கள். வீட்டுக்குக் கொண்டு போகிறேன்.'

லேப்காரர் நல்ல மனுஷன். எழுந்து நாற்காலி போட்டார். பெரிய நோட்டைப் புரட்டி, என் சீட்டில் இருந்த நம்பரைத் தேடினார்.

"அடடா. முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா தாத்தா? ரிப்போர்ட் குடுத்து மூணு மாசம் வெச்சிருப்போம். அப்புறம் எரிச்சிருவோம். எல்லாருதும் அப்படித்தான். உங்களுது போன புதன்கிழமைக்கு முந்தின புதன்கிழமை போச்சு."

நோட்டைத் திருப்பிக் காட்டினார். நம்பரைச் சரிபார்த்தேன். தேதியைச் சரிபார்த்தேன். பக்கத்தில் நேரம் எழுதியிருந்தது. ஆறு நாற்பது. அதை ஒரு கோடு போட்டு அடித்து, கீழே ஏழு பதினைந்து என்று எழுதியிருந்தது.

கோட்டின் மேல் விரலை வைத்தேன்.

"அதுவா?" லேப்காரர் சிரித்தார். "அடுப்பு போடறதுக்கு ஒருத்தன் இருந்தான். அன்னிக்கு உங்க பாட்டில்ல இருந்தத உள்ள போட்ட ஒரு நிமிசத்துல அடுப்ப அணைச்சிட்டு ஓடியே போயிட்டான். இன்னும் வேலைக்கு வரல. உள்ள ஒரு ஆள் இருக்காராம். ஐயா வேண்டாம்யா, வேண்டாம்யான்னு கெஞ்சறாராம். குடிச்சிருப்பான் போல."

நான் எழுந்துவிட்டேன்.

"அப்புறம் நானே போய்ப் பாத்தேன். பாதி அப்படியே கெடந்துச்சு. விட முடியுமா? ஏழே காலுக்கு மறுபடி பத்த வெச்சு..."

அவர் மேஜையில் ஒரு தட்டு தட்டினேன்.

ஒரு தட்டு என்றால் நிறுத்து.

அவருக்கு அது தெரியாது. சொல்லிக்கொண்டே போனார்.